செருப்பு அலமாரியில் ஒரு சர்வர்

என் கொழுந்தனைப் பற்றி யாரைக் கேட்டாலும் தங்கமான பையன் என்பார்கள். எனக்கு அங்கேதான் இடிக்கும். எல்லோருக்கும் நல்லவனாக ஒருத்தன் இருக்கிறான் என்றால் எங்கேயோ கணக்கு தப்புகிறது என்றுதான் என் புத்தி போகும்.

வீட்டில் அவனுக்குக் குட்டி என்று பெயர். ஆள் ஆறடி. ஆபீஸ்களில் நெட்வொர்க் ஒயர் இழுக்கிற வேலை. எங்களை எல்லோரும் இருக்கிற அந்தப் பெரிய சமூக வலைத்தளத்திலிருந்து கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தவன் அவன்தான்.

"அண்ணி, அங்க நீங்க பேசுறதையெல்லாம் ஒட்டுக் கேட்டு உங்களுக்கே விளம்பரம் போடுறான். மூட்டு வலின்னு எழுதினீங்க, இப்ப தைலமா வருதா இல்லையா?"

வந்தது. மறுக்க முடியவில்லை.

"நாம போற இடத்துக்கு முதலாளின்னு ஒருத்தன் கிடையாது. ஆளாளுக்கு ஒரு சர்வர் வச்சுக்கலாம். வேற சர்வர்ல இருக்கறவங்களோடயும் பேசலாம். நம்ம சர்வர் நம்ம வீட்டுலயே இருக்கும்."

சொன்ன கையோடு பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து செருப்பு அலமாரியின் மேல்தட்டில் வைத்தான். என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ஏற்றி இறக்குகிறவர், தம்பி விஷயத்தில் மட்டும் இறங்கியே வரமாட்டார். அம்மா அப்பா போன பிறகு இவரே தூக்கி வளர்த்த பிள்ளை. "பார்த்தியா என் தம்பி மூளைய!" என்று அன்று முழுக்க அதில் மினுக்கிய பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் தோழி சில்வண்டும் இன்னொரு சர்வரில் சேர்ந்துகொண்டாள். கண் டாக்டரிடம் வரவேற்பில் இருப்பவள். அவள் சீட்டைக் கொடுத்து அனுப்பினால் நான் கண்ணாடி மாட்டி அனுப்புவேன்; எனக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. இரண்டு பேரும் கடை நேரத்தில் போனில் பேச முடியாது. அதனால் தனிச் செய்தியில் கொட்டித் தீர்ப்போம். நான் கொட்டியதில் பாதி குட்டி. ஈரத் துண்டை நாற்காலியில் போடுகிறான். விடியும் முன்னே போனில் சத்தமாகச் சிரிக்கிறான். சாப்பிட்ட தட்டைத் தொட்டியில் போட்டுவிட்டு மகாராஜா மாதிரி போகிறான். அவன் பெயரின் முதலெழுத்தை அடித்தாலே முழுப் பெயரும் தானாக வந்து நீல நிறத்தில் நிற்கும். பழைய தளத்திலும் அப்படித்தான் எழுதிப் பழக்கம்.

இன்னொன்றும் எழுதினேன். அதுதான் முக்கியம். நானும் என் கணவரும் மட்டும் இருக்க ஒரு சின்ன வீடு தேடிக்கொண்டிருந்தேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. தம்பியை விட்டுப் போகலாம் என்று நானாகச் சொல்லி அவர் கேட்டால் பரவாயில்லை. வேறு யார் வாயிலிருந்தாவது அவர் காதுக்குப் போனால் அப்புறம் அந்த மனுஷன் என் முகத்தில் விழிக்கமாட்டார். எனக்கு அவர் வேண்டும், ஆனால் ஒரு கதவைச் சாத்திக்கொண்டு வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

அப்போதுதான் வீட்டில் விசித்திரங்கள் ஆரம்பித்தன. ஈரத் துண்டு கொடியில் தொங்கியது. போன் பேச்சு மொட்டை மாடிக்குப் போனது. ஒருநாள் வேலை முடிந்து வந்தால், ஆறடி ஆள் குனிந்து தட்டுக் கழுவிக்கொண்டிருக்கிறான்.

சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டேன். "ஏம்பா, நாங்க தனியா அனுப்புறதையும் சர்வர் வச்சிருக்கறவங்க பார்க்க முடியுமா?"

"நினைச்சா முடியும் அண்ணி. ஆனா நான் எனக்கு வர்றதை மட்டும்தான் படிப்பேன்."

இந்த 'ஆனா'வுக்குப் பின்னால் வருவதை நான் என்றைக்குமே நம்பியதில்லை. முகம் தெரியாத முதலாளி படித்தால் தைலத்தோடு போயிற்று. இவன் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவன். அண்ணன் காதில் ஒரு வார்த்தை போட்டால் என் குடும்பம் என்ன ஆவது?

கையும் களவுமாகப் பிடிக்க ஒரு பொய் எழுதினேன். குட்டி பூசுகிற சென்ட் எனக்குத் தலைவலி என்று. நிஜத்தில் அந்த வீட்டில் எனக்குப் பிடித்த ஒரே வாசனை அது. மறுநாள் என்னைத் தாண்டி வெளியே போனான். துளி வாசனை இல்லை.

அன்று கடையில் ஒரு ஃப்ரேமுக்கு இடது லென்ஸை வலது பக்கம் மாட்டிவிட்டேன். வாடிக்கையாளர் தடவிக்கொண்டே வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். இனி பொறுப்பதற்கில்லை என்று முடிவெடுத்தேன்.

மாலையில் என் கணவர் குளிக்கப் போன நேரம் பார்த்துக் குட்டியைப் பிடித்தேன். "என் மெசேஜை எத்தனை நாளா படிக்கிற? வெட்கமா இல்ல?"

குட்டி முழித்தான். "எனக்கு வந்தா படிக்காம?"

"உனக்கு எங்க வந்தது? நான் சில்வண்டுக்கு அனுப்பினது!"

"ரெண்டு பேருக்கும்தானே அண்ணி அனுப்பினீங்க." போனை நீட்டினான். "இங்க ஒருத்தர் பேரை நீலமாக்கிட்டா அவங்களுக்கும் போயிடும். தனிச் செய்தின்னாலும் சரி. உங்க ஃப்ரெண்டு எழுதுற பதிலும் வருது. 'துரத்தி விடுடி'ன்னு போட்டிருந்தாங்க."

துண்டு, தட்டு, சிரிப்பு, சென்ட் எல்லாம் வரிசையாக அவன் போனில் இருந்தன. வீடு தேடுவதும் இருந்தது. 'குட்டி இருக்கிறவரை எனக்கு வாழ்க்கை இல்லை' என்று நான் எழுதியதும், அவன் பெயர் நீலமாக, இருந்தது.

"அண்ணன்கிட்ட..."

"எனக்குன்னு சொன்னதை அவர்கிட்ட ஏன் சொல்லப்போறேன்? நீங்க ஏன் வீடு மாறணும்? நான் ஆபீஸ் பக்கத்துல ரூம் பார்த்துட்டேன். வேலைக்குக் கிட்டன்னு அண்ணன்கிட்ட சொல்லிக்கிறேன்." தரையைப் பார்த்துக்கொண்டு சிரித்தான். "முதல்ல கஷ்டமாத்தான் இருந்துச்சு. அப்புறம் யோசிச்சேன். வேற யாரா இருந்தாலும் முதுகுக்குப் பின்னால பேசியிருப்பாங்க. நீங்க மறைக்காம எனக்கே எழுதினீங்க. நேர்ல சொல்லக் கூச்சப்பட்டு அவங்களையும் சேர்த்துக்கிட்டீங்க, அவ்வளவுதானே?"

அதெல்லாம் உனக்கில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அவன் நினைத்ததைவிடக் கேவலமாக இருக்கும். அவமானத்தில் எனக்குக் காது சுட்டது. குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"போகாதப்பா," என்றேன். நிஜமாகத்தான் சொன்னேன். "எங்கயும் போக வேண்டாம். இங்கயே இரு."

"விடுங்க அண்ணி, இதெல்லாம் உபசாரத்துக்குச் சொல்றது," என்றான், என்னைத் தேற்றுகிற குரலில். "நீங்க வாயால சொல்றதை எடுத்துக்க மாட்டேன். எழுதுறதைத்தான் நம்புவேன்."