ஸ்டாண்ட்பையில் இட்லி மாவு

ட்யூப் ஆம்ப்ளிஃபயரில் கிதார் வாசித்தால் இசையில் தனிக் கதகதப்பு உண்டென்று கம்பெனி பஸ்ஸில் தினமும் சொற்பொழிவாற்றுவார் ஹரீஷ்குமார். ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் அவருக்கு வீடு வாடகைக்கு விட்டிருந்த ருக்மணி, சத்தம் தாங்காமல் காலி செய்யச் சொல்ல வந்தார். பேச்சுவாக்கில், கண்ணாடி ட்யூபுகளால் சூடேறியிருந்த ஆம்ப்ளிஃபயர்மேல் கை வைத்தவர் சட்டென்று போய் இட்லி மாவுப் பாத்திரத்தோடு திரும்பினார். ஓசூர்க் குளிரில் மாவு இரண்டு நாளாகப் புளிக்கவில்லை.

"மேல வெக்காதீங்கக்கா, வழிஞ்சா ட்யூபு போயிரும்."

"பக்கத்துல வெக்கிறன். சத்தமில்லாம சூடு மட்டும் வருமா தம்பி?"

"ஸ்டாண்ட்பைல போட்டா வருங்க."

"அப்ப நீ காலி பண்ண வேணாம். அதுலயே போட்டு வை."

இப்போது ஹரீஷ்குமார் அறையில் ஏழு வீட்டு மாவு பொங்குகிறது. ட்யூப் மாற்றும் நாளில் தெருவே கவலையோடு விசாரிக்கிறது. கதகதப்பை எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். கிதார் பரண்மேல் இருக்கிறது.