பதினான்கு கரைகளுக்கு ஒரு குரல்

1.

இந்தக் கதை என்னுடையதல்ல. ஒரு ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டில் என் மனைவியின் தங்கை ஜெனிற்றா சொன்னது. அவள் கணினி வலையமைப்புப் பொறியியலாளர். நான் இணுவிலில் தமிழ் படிப்பிப்பவன். ரவுட்டர் என்றால் சுவரில் பச்சை விளக்கு மினுங்கும் பெட்டி; அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘வானம் கருத்துக் கிடந்தது. கடல்...’ [வெட்டிவிட்டேன். அன்று நல்ல வெய்யிலாம். அதனால்தான் படகுகள் போயிருக்கின்றன.]

2.

வடகரையில் பதினான்கு ஊர்களில் புயல் எச்சரிக்கை ஒலிபெருக்கிகள். யாழ்ப்பாணத்தில் ஒருவர் பேசினால் ஊருக்கொரு பிரதி தனித்தனியாகப் போகும். மெல்லிய இணைப்பு அத்தனையையும் தாங்காமல் குரல் அறுந்துவிடும். ஜெனிற்றா அதை மல்ரிகாஸ்ட் முறைக்கு மாற்றினாள்.

“ஒரு குரல்தான் வெளிக்கிடும், அத்தான். பாதை பிரியிற இடத்திலை ரவுட்டரே அதைப் பிரதி எடுக்கும். அதுவும் அந்தப் பக்கம் ஆரும் வேணுமெண்டு கேட்டிருந்தால்தான்.”

“கேக்காட்டில்?”

“போகாது.”

நான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன். பேசுகிறவருக்குக் கேட்பவர் யாரென்று தெரியாது. ஆனாலும் கேட்டவர் எல்லோருக்கும் போய்ச் சேர்கிறது. இருபது வருடமாக எழுதுகிறவனுக்கு இது சின்ன விஷயமில்லை.

3.

பரிசோதனை நாளன்றே உண்மையான எச்சரிக்கை வந்தது: பின்னேரம் கடுங்காற்று. பதின்மூன்று ஊர்கள் பேசின. தொண்டைமானாறு பேசவில்லை. அங்கே ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொள்ளும் லூர்த்தம்மா ஜெனிற்றாவுக்குப் போன் எடுத்தார்.

“பிள்ளை, இஞ்சை ஒரு சத்தமும் இல்லை. அஞ்சு படகு வெளியிலை நிக்குது. எங்கடை மனுசனும் நிக்கிறார். கை காட்டினன், ஒருத்தரும் பாக்கேல்லை.”

“லைனிலை நில்லுங்கோ, அன்ரி.”

‘ஜெனிற்றாவின் விரல்கள் நடுங்க...’ [இல்லை. நடுங்கவில்லையாம். பசித்ததாம்.]

குரல் தொண்டைமானாறு ரவுட்டர் வரை வந்துதான் இருந்தது. அது வந்தது வானலை வழியாக. ஆனால் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிப் போகும் பாதை என்று அந்த ரவுட்டர் அறிந்திருந்தது கேபிளை. குரல் பிறந்த இடத்துக்குத் தான் எந்த வழியால் போகுமோ, அந்த வழியால் வராத குரலை அது ஏற்காது, எறிந்துவிடும்.

[இதை மூன்று தரம் சொல்லச் சொல்லிக் கேட்டேன். புரியாததால் அல்ல.]

வானலை வழியையும் நம்பு என்று அந்த ரவுட்டருக்கு அவள் ஒரேயொரு வரி எழுதினாள். போனுக்குள்ளால் லூர்த்தம்மாவின் கரை முழங்கியது.

“திரும்புறாங்கள், பிள்ளை. எங்கடை படகுதான் முதல்.”

4.

லூர்த்தம்மாவின் கணவர் மரியதாஸ் திரும்பாத முடிவொன்றையும் எழுதி வைத்திருந்தேன். ஜெனிற்றா வாசித்துவிட்டுத் தாளைத் தள்ளி வைத்தாள்.

“அந்த மனுசன் உயிரோடை இருக்கிறார், அத்தான்.”

வெட்கப்பட்டுத் தொண்டைமானாறு போனேன். மரியதாஸ் படகு எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தார். காதுக்குக் கிட்டப் போய்க் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

“எனக்கு ரெண்டு காதும் பழுது, தம்பி. ஸ்பீக்கர் ஒண்டும் கேக்கேல்லை.”

“அப்ப ஏன் திரும்பினீங்கள்? மற்றவையைப் பாத்தோ?”

“அவை எனக்குப் பின்னாலை எல்லோ வந்தவை.”

“அவருக்குக் கேட்டிருக்கும்,” என்றார் லூர்த்தம்மா. மரியதாஸ் இல்லையென்று தலையாட்டினார்.

அடுத்த வரியை ஒன்பது விதமாக எழுதி ஒன்பதையும் வெட்டினேன். அதை முடிக்க உங்களிடமே தருகிறேன்:

வெய்யில் எறித்துக்கொண்டிருந்த கடலில் மரியதாஸ் படகைத் திருப்பினார், ஏனென்றால்