மாட்டு டொக்டரின் கை

சிற்றம்பலம் படலைக்கு வெளியே நின்று "டொக்டரம்மா" என்று கூப்பிட்டபோது இரஞ்சிதம் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படச் சேலை உடுத்திக்கொண்டிருந்தாள். அவள் மூன்றாம் வகுப்புக்குப் படிப்பிக்கிற ரீச்சர். டொக்டர் அவளுடைய கணவர் கதிர்காமநாதன். கிளிநொச்சியில் மிருக வைத்தியராக இருந்தவர். அவர் கனடாவுக்குப் போய் ஆறு வருடமாகிறது. கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்து, எங்கெங்கோ இருந்து, கடைசியில் மகள் வினோஜாவோடு ஒட்டுசுட்டானில் ஒரு தகரக் கொட்டிலுக்குள் அவள் வந்து சேர்ந்த பிறகும் அந்தப் பெயர் அவளை விடவில்லை. கிளிநொச்சியில் அயலாக இருந்து, மாடுகளையும் சாய்த்துக்கொண்டு அவர்களோடு கூடவே இடம்பெயர்ந்து வந்த சிற்றம்பலத்தின் வாயிலிருந்து அது இங்கேயும் பரவிவிட்டது.

"சிவப்பிக்கு இரவு பன்னீர்க்குடம் உடைஞ்சது. இன்னும் கண்டு வரேல்லை. ஒருக்கா வந்து பாருங்கோ."

"நான் வந்து என்னண்ணை செய்யிறது? எனக்கு என்ன தெரியும்?"

"டொக்டரோட எத்தினை இடம் போயிருப்பியள். நான் வேற ஆரிட்டைப் போறது?"

உண்மையில் போவதற்கு இடமில்லை. அந்தப் பகுதியில் இருந்த ஒரேயொரு மிருக வைத்தியரும் வவுனியாவுக்குப் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். சிவப்பி, கதிர்காமநாதன் வெளிநாடு போன வருடம் அவருடைய கையில் பிறந்த கன்று. அதுவும் அவளுக்கு நினைவு வந்தது. மகளிடம் பள்ளிக்கூடத்துக்குச் சொல்லியனுப்பிவிட்டு சிற்றம்பலத்தின் பின்னால் போனாள்.

பாலை மரத்தின் கீழே மாடு பக்கவாட்டில் விழுந்து கிடந்தது. சிற்றம்பலத்தின் மனைவி மீனம்மா அதன் தலையை மடியில் வைத்திருந்தாள். இரஞ்சிதம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரத்தைத் தோள்மூட்டு வரை பூசினாள். கையை உள்ளே விட்டதும் அந்தச் சூடு அவளைத் திடுக்கிட வைத்தது. ஒரு முன்னங்கால் வந்திருந்தது. பிறகு மூக்கு. பிறகு நாக்கு. விரலை வாய்க்குள் விட்டுப் பார்த்தாள். கன்று மெல்ல அதைச் சூப்பியது.

"உயிரோட கிடக்கு" என்றாள். மீனம்மா முருகா என்று சொல்லி அழத் தொடங்கினாள்.

மற்றக் கால் பின்னால் மடிந்து போயிருந்தது. கன்றை உள்ளே தள்ளிப் பிடித்துக்கொண்டு, மடிந்த காலின் குளம்பை உள்ளங்கையால் பொத்தி முன்னுக்கு எடுக்க வேண்டும். கணவர் அதைச் செய்வதை அரிக்கன் லாம்பு பிடித்துக்கொண்டு பல தடவை பார்த்திருக்கிறாள். ஆனால் பார்த்தது கண். இப்போது தெரிந்திருக்க வேண்டியது கைக்கு. மாடு முக்கும்போதெல்லாம் அவளுடைய முழங்கை எலும்போடு நசிந்தது. குளம்பு விரல் நுனிக்கு வரும், வழுக்கிப் போகும். திரும்பவும் வரும், திரும்பவும் போகும். வெயில் ஏறிய பிறகு ஒரு தடவை விரலைக் கன்றின் வாய்க்குள் விட்டபோது அது சூப்பவில்லை. அவள் அதை யாருக்கும் சொல்லாமல் இன்னும் கொஞ்ச நேரம் முயன்றுகொண்டிருந்தாள்.

பின்னேரம் மாடும் செத்தது. சிற்றம்பலம் கிணற்றில் தண்ணீர் அள்ளி அவளுடைய கைக்கு ஊற்றினார். "நீங்கள் வந்ததே காணும், டொக்டரம்மா" என்றார். அவர் உண்மையாகத்தான் சொன்னார். அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

கதிர்காமநாதன் ஊரை விட்டுப் போனதும் மாடுகளால்தான். பொருளாதாரத் தடையில் மருந்து வருவது நின்றுபோயிருந்த காலம். மாடுகளுக்குக் கால்-வாய் நோய் பரவியபோது தடுப்பூசி இல்லை. அடிபட்ட மாட்டுக்குத் தையல் போட விறைப்பு மருந்து இல்லை. ஒவ்வொரு வளவாகச் சைக்கிளில் போய், வாயில் நுரை தள்ளி நிற்கும் மாடுகளைத் தடவிவிட்டு வருவார். வந்து சாப்பிடாமல் இருப்பார். "வெறுங்கையோட போய் நிக்கிறது பாவமாக் கிடக்கு, இரஞ்சி. அதுகள் என்னைப் பாக்குதுகள்" என்பார். அந்த நேரத்தில்தான் ரொறன்ரோவில் இருந்த தமையன் கூப்பிட்டார். அங்கே மாட்டு டொக்டருக்கு மனிதருக்குப் பார்க்கிற டொக்டருக்குச் சமமான மரியாதை என்று சொன்னார். இரண்டு வருடத்தில் உங்களையும் எடுப்பிக்கிறேன் என்று சொல்லிவிட்டு, பேராதனையில் வாங்கிய பட்டத்தைப் பொலித்தீனில் சுற்றி நெஞ்சோடு கட்டிக்கொண்டு இவர் போனார்.

அந்த நாட்டில் அந்தப் பட்டம் செல்லாது. மரியாதையாகத்தான் சொன்னார்களாம். முதலில் ஆங்கிலப் பரீட்சை. அதன் பிறகு எழுத்துப் பரீட்சை. அதன் பிறகு மிருகங்களைத் தொட்டுச் செய்து காட்டுகிற பரீட்சை. எல்லாம் முடித்தால்தான் ஊசியைத் தொடலாம். அதுவரைக்கும் வயிற்றுப்பாட்டுக்காகக் கோழி வெட்டுகிற தொழிற்சாலையில் சேர்ந்தார். கொக்கியில் தொங்கிக்கொண்டு வரும் கோழியைப் பிடித்து, தொடைச் சந்தில் கத்தியை விட்டுத் திருப்ப வேண்டும். அடுத்தது அதற்குள் வந்துவிடும். "மிருகத்தின்ர உடம்பு படிச்சது வீண் போகேல்லை" என்று முதல் வருடம் அவள் வவுனியாவுக்குப் போய்க் கதைத்தபோது சொல்லிச் சிரித்தார். எழுத்துப் பரீட்சையில் ஒருமுறை தவறினார். வீட்டு நாய்க்குப் பல் துலக்குவது எப்படி என்று கேட்டிருந்தார்களாம். சனிக்கிழமைகளில் ஒரு மிருக வைத்தியசாலைக்குச் சம்பளம் இல்லாமல் போனார். கூடு கழுவலாம், தொடக்கூடாது என்றார்கள். கழுவினார். பிறகு எழுத்துப் பரீட்சையும் பாஸ் பண்ணினார். கடைசிப் பரீட்சை இந்த வருடம், சித்திரையில்.

அதன் முடிவைக் கேட்கத்தான் வைகாசியில் இரஞ்சிதம் வவுனியாவுக்குப் போய்வரப் பாஸ் எடுத்தாள். வன்னிக்குள் போன் கிடையாது. வெளிநாட்டோடு கதைப்பதற்காக வன்னியை வைத்திருந்த இயக்கத்திடம் ஒரு பாஸ், ஆமியிடம் ஒரு பாஸ். அவள் திரும்பி வருவாள் என்பதற்குப் பிணையாக வினோஜா ஊரில் நிற்க வேண்டும். பிரமனாலங்குளம் சோதனைச் சாவடியில் பொதியை எல்லாம் கொட்டிச் சோதித்து, வரிசையில் நின்று, பிறகு பஸ்ஸில் பூவரசங்குளம் தாண்டி வவுனியா வந்து சேரும்போது அவளுக்குத் தலை சுற்றியது. சிவப்பி செத்து அப்போது மூன்று கிழமை ஆகியிருந்தது. முழங்கையில் கன்றிப்போன இடம் மஞ்சளாகி மறைந்துகொண்டிருந்தது.

வெளிநாட்டுக்குப் போன் எடுத்துக் கொடுக்கிற அப்புத்துரையின் கொமினிக்கேசன் கடையில் வாங்குகள் நிறையச் சனம் இருந்தது. எல்லோரும் உள்நாட்டுக்குள்ளேயே தொலைதூரத்தில் இருந்து வந்தவர்கள். முகத்தைக் கழுவிப் பவுடர் போட்டிருந்தார்கள், போனில் முகம் தெரியும் என்பது போல. அப்புத்துரை மேசையில் இருந்தபடியே கத்தினார். "ஒட்டுசுட்டான் இரஞ்சிதம், கனடா! ரெண்டாம் பெட்டி!"

கண்ணாடிக் கதவைச் சாத்தினாள். உள்ளே மற்றவர்களின் வியர்வை மணத்தது.

"இரஞ்சி, கேக்குதோ?"

"ஓம், கேக்குது. சொல்லுங்கோ."

"நீர் எப்பிடி? பிள்ளை எப்பிடி?"

"என்னை விட உயர்ந்திட்டாள்."

"அப்பிடியே..." என்றார். பிறகு, "சிற்றம்பலத்தாற்ர சிவப்பி சினையெண்டு எழுதினீர். இப்ப கண்டு போட்டிருக்குமே?"

அவர் இதைக் கேட்பார் என்று அவள் நினைத்திருக்கவில்லை. நினைத்திருக்க வேண்டும்.

"ஓம்."

"என்ன கண்டு?"

"நாகு."

"ஆர் பாத்தது?"

"ஒருத்தரும் இல்லை. தானாப் போட்டது."

அந்தப் பக்கத்தில் அவர் சந்தோசமாகச் சிரித்தது கேட்டது. "நல்லது. நாகெண்டா சிற்றம்பலத்தாருக்கு நல்லது, பாலுக்கு ஆகும்" என்றார். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் கேட்டுவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

"சோதினை என்ன மாதிரி?"

"சரிவரேல்லை."

"திரும்ப எடுக்கலாம்தானே."

"இல்லை இரஞ்சி. இது வேற." அவர் மூச்சு விடுவது கேட்டது. "மாட்டைத்தான் விட்டவங்கள். நல்ல உயர்ந்த மாடு. கை விட்டுப் பாத்து, சினையோ, எத்தினை மாதமெண்டு சொல்லச் சொன்னவங்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவன், உமக்குத் தெரியும். எனக்குள்ள சிரிப்பும் வந்தது. இதுக்கே இவ்வளவு வருசம் எண்டு. கை உள்ளுக்குப் போச்சு. ஒண்டும் தெரியேல்லை."

"என்ன தெரியேல்லை?"

"கைக்கு ஒண்டும் தெரியேல்லை. மூண்டு விரல் விறைச்சுப்போச்சு. குளிருக்குள்ள நிண்டு வெட்டி வெட்டி... நான் உமக்குச் சொல்லேல்லை. தேத்தண்ணிக் கோப்பையும் நழுவுது. எண்டாலும் மாட்டுக்குள்ள விட்டா தெரியும் எண்டு நினைச்சனான். சோதிக்க வந்த மனிசி நல்லவா. அவசரப்படாமப் பாருங்கோ எண்டவா. ஏதாவது ஒரு மாதத்தைச் சொல்லியிருக்கலாம். சொல்ல மனம் வரேல்லை. தெரியேல்லை எண்டு சொல்லிப்போட்டுக் கையை எடுத்திட்டன்."

இரஞ்சிதம் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். வெளியே ஒரு கிழவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அடுத்த முறை போல.

"டொக்டரிட்டைக் காட்டினீங்களோ?"

"காட்டினனான். வேலையை விடச் சொல்லினம்." பிறகு அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, எவ்வளவோ நாளாகச் சொல்லிப் பார்த்துப் பழகிய ஒன்றைச் சொல்வது போலச் சொன்னார். "நான் அங்க வந்திடட்டோ?"

அவள் ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"அங்க ஒருத்தரும் என்னட்டைச் சோதினை கேக்க மாட்டினம். என்ர கை ஏலாட்டிலும் பக்கத்தில நிண்டு சொல்லிக் குடுப்பன். இப்பிடிப் பிடி, அப்பிடித் திருப்பு எண்டு. வாயால சொல்லுறதுக்கு விரல் தேவையில்லைத்தானே. இஞ்ச நான் ஆர், இரஞ்சி? இஞ்ச எனக்குப் பேரே இல்லை. கொக்கிக்கு முன்னால நிக்கிற ஒரு ஆள்."

பக்கத்தில் நின்று சொல்லியிருந்தால். பாலை மரத்தின் கீழே, அவளுடைய தோளுக்குப் பின்னால் நின்று, அவசரப்படாதேயும், மாடு முக்கி முடியட்டும், இப்ப தள்ளும் என்று அவர் சொல்லியிருந்தால். அவளுடைய விரலில் அந்தச் சூப்புதல் இன்னும் இருந்தது. வாங்கோ என்று சொல்ல வாய் திறந்தாள். ஆறு வருடமாக அவள் சொல்ல விரும்பிய சொல்லும் அதுதான்.

ஆனால் வினோஜாவின் வகுப்பில் போன மாதம் இரண்டு கதிரைகள் வெறுமையாகிவிட்டன. இரண்டும் பெண்பிள்ளைகள், இயக்கத்துக்கு எடுபட்டவர்கள். ஒருத்தி வினோஜாவுக்குப் பக்கத்தில் இருந்தவள். ஏன் வரவில்லை என்று எந்த ரீச்சரும் கேட்கவில்லை, இரஞ்சிதமும் கேட்கவில்லை. அதை இந்தப் போனில் சொல்ல முடியாது. வவுனியாவிலும் சொல்ல முடியாது, ஊரிலும் சொல்ல முடியாது. அவளையும் மகளையும் கனடாவுக்கு எடுக்கிற ஸ்பொன்சர் விண்ணப்பம் போட்டாகிவிட்டது. அது கூடிவருவதற்கு அவர் அந்த நாட்டில் இருக்க வேண்டும், கையில் ஒரு வேலையும் இருக்க வேண்டும்.

"வராதேங்கோ" என்றாள்.

"ஆ?" என்றார் அவர், கேட்காதவர் போல.

"இஞ்சருங்கோ. பிள்ளை வளர்ந்திட்டாள். பதினைஞ்சு முடியப்போகுது. நான் சொல்லுறது உங்களுக்கு விளங்குதோ?"

"விளங்குது" என்றார்.

"அலுவல் சரிவருமட்டும் அங்கையே நில்லுங்கோ" என்றாள்.

"அப்ப நான் கோழி வெட்டிக்கொண்டு நிக்கட்டோ, இரஞ்சி?"

அவர் கோபமாகக் கேட்டிருந்தால் அவள் அழுதிருப்பாள். வகுப்பில் வெளியே போகலாமா என்று கேட்கிற பிள்ளையின் குரல் அது.

"ஓம்" என்றாள்.

இருவரும் அதன் பிறகு வேறு ஏதோ கதைத்தார்கள். தமையனின் பிள்ளைகள் பற்றி, ஊரில் மழை பற்றி. லைன் தானாக அறுந்தது. அவள் வெளியே வந்ததும் கிழவர் உள்ளே ஓடினார். அப்புத்துரை, "நல்ல செய்திதானே, ரீச்சர்?" என்று எல்லோரிடமும் கேட்பதைப் போலக் கேட்டார். அவள் தலையை ஆட்டினாள்.

மறுநாள் பொழுதுபடுகிற நேரத்தில் ஒட்டுசுட்டான் சந்தியில் பஸ்ஸால் இறங்கியபோது வினோஜா சைக்கிளோடு நின்றாள். தாயின் பொதியை வாங்கி முன்னால் கொழுவினாள். "அம்மா, நீங்கள் பின்னால ஏறுங்கோ. நான் உழக்கிறன்" என்றாள். முன்பெல்லாம் இரஞ்சிதம்தான் உழக்குவாள். கரியரில் ஏறி மகளின் இடுப்பைப் பிடித்தபோது, அது பெரிய மனுஷியின் இடுப்பாக இருந்தது.

"அப்பா சோதினை பாசோ?"

இரஞ்சிதம் பதில் சொல்வதற்குள் முன்னால் போய்க்கொண்டிருந்த சைக்கிள்காரர் கையைத் தூக்கி, "நில்லுங்கோ, நில்லுங்கோ, ஆனை" என்றார்.

காட்டுப் பக்கமிருந்து அவை வயலுக்கு இறங்கிக்கொண்டிருந்தன. மங்கலில் முதலில் கால்கள்தான் தெரிந்தன. வினோஜா சைக்கிளை நிறுத்தி ஒரு காலை ஊன்றினாள். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். ஒரு உழவு இயந்திரம் எஞ்சினை நிறுத்தியது. தூரத்தில் எங்கோ தகரம் தட்டிக் கத்தினார்கள். யானைகள் ஒன்றன் பின் ஒன்றாக வீதியைக் கடந்தன. எல்லாவற்றிலும் பின்னால் வந்த ஒன்று மட்டும் நடுவீதியில் நின்றது. வயலுக்குள் இறங்கவும் இல்லை, காட்டுக்குத் திரும்பவும் இல்லை. தும்பிக்கையைத் தூக்கிக் காற்றைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. வினோஜா தலையைத் திருப்பாமல், மிக மெதுவாக, "சொல்லுங்கோவன் அம்மா" என்றாள். இரஞ்சிதம் அவளுடைய இடுப்பை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். யானை நகரட்டும் என்று எல்லோரும் அப்படியே நின்றார்கள்.