கழிமுகத்தில் ஒரு வேளா

காலையிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆறு முறை எழுந்து காபி இயந்திரம் வரை போய், கோப்பையை எடுக்க மறந்து, வெறுங்கையோடு திரும்பி வந்திருந்தாள். கணினியில் இறுதி அறிக்கை திறந்தபடி கிடந்தது. நூற்று நாற்பது பக்கம் எழுதியாகிவிட்டது. கடைசி வரி மட்டும் பாக்கி. ‘இந்தக் கடற்பகுதியில் வேளா மீன் இனி இல்லை’ என்று முடித்து மதியத்துக்குள் அனுப்பச் சொல்லியிருந்தார் ஆய்வு நிலைய இயக்குநர். ‘இல்லை’ என்று அடிப்பாள். உடனே அழிப்பாள். மறுபடி அடிப்பாள்.

வேளாவுக்குப் பார்வைக்குச் சுறாவின் உடம்பு, உறவோ திருக்கையோடு. மூக்கு மட்டும் ஓர் ஆள் கை நீளத்துக்கு நீண்டு, இரண்டு பக்கமும் பல் வைத்த ரம்பமாக இருக்கும். தண்ணீரில் வலை என்று ஒன்று இருந்தால் அந்த ரம்பம் அதில் சிக்காமல் போகாது. சிக்கினால் எடுக்க ஒரே சுலபமான வழி, மூக்கை வெட்டிவிடுவது. அப்படி வெட்டிய மூக்குகள் பழைய வீட்டுச் சுவர்களில் தொங்கின. ஏழு வருடத்தில் அறுபத்தெட்டு மூக்குகளை அளந்து பல் பல்லாக எண்ணியிருந்தாள். மீன் ஒன்று நீந்தினால் அதன் தோலிலிருந்து ஏதாவது தண்ணீரில் உதிரும், சோதனையில் அது அகப்படும் என்பதால் முன்னூற்றுப் பன்னிரண்டு பாட்டில் கடல் தண்ணீரை வடிகட்டிப் பார்த்திருந்தாள். ஒன்றிலும் ஒன்றும் இல்லை. உயிருள்ள வேளாவை அவள் கண்ணால் பார்த்ததே கிடையாது.

அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே ‘ரம்பம்’தான். யார் அகப்பட்டாலும் வேளா புராணத்தை ஆரம்பித்து அறுத்துத் தள்ளிவிடுவாள் என்று வைத்த பெயர். அவளும் அதற்குக் கோபித்துக்கொள்வதில்லை.

பதினொன்றரை மணிக்கு போன் அடித்தது. ‘ரம்ப மூக்கு மீனைக் கண்டால் அழையுங்கள்’ என்று துறைமுகமெங்கும் அவள் ஒட்டியிருந்த தாளில் இருந்த எண் அது. இதுவரை வந்த அழைப்புகளில் பாதி வேறு மீன். ஓர் ஆள் மரக்கடை என்று நினைத்துக் கதவு செய்யப் பலகை கேட்டிருந்தார்.

“நான்தான் பேசறேன்,” என்றது குரல்.

யாரென்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. கழிமுகத்தில் வலை போடுகிற மீனவர். துறைமுகம் முழுக்க அவரை ‘சிடுமூஞ்சி’ என்றுதான் சொல்லும். நேரில் மட்டும் எல்லோருக்கும் ‘அண்ணே’. போன வருடம் அவள் கண்ணெதிரிலேயே அந்தத் தாளைக் கிழித்துப் படகுக்குள் இருந்த எண்ணெயைத் துடைத்தவர்.

“சொல்லுங்கண்ணே.”

“நீங்க தேடுறது என் வலையில கெடக்கு.”

அவள் எழுந்து நின்றுவிட்டாள். நாற்காலி பின்னால் போய் அலமாரியில் இடித்தது.

“உயிரோடயா?”

“உயிரோடதான். படகுல பாதிக்கு மேல நீளம். தம்பி கையைக் கிழிச்சிருச்சு. மூக்கை வெட்டிரலாம்ங்கறான்.”

“வெட்டாதீங்கண்ணே! தண்ணிய விட்டுத் தூக்காதீங்க. இதோ வந்துடறேன்.”

“இருங்க. ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க. இது இங்க இருக்குன்னு தெரிஞ்சா எங்க தண்ணிய மூடிருவீங்க. மூட மாட்டோம்னு சொல்லுங்க. சொன்னா பிடிச்சிட்டு நிக்கறேன். இல்லன்னா கத்தி கையிலதான் இருக்கு.”

மீன்பிடிக்கத் தடை போட்டுத் தண்ணீரை மூடுவதும் திறப்பதும் அவள் கையில் இல்லை. அது மேலே இருப்பவர்கள் குழு கூடி எடுக்கிற முடிவு. வேளா இருப்பதாக ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும், கழிமுகம் முழுவதையும் வருடம் முழுக்க மூடச் சொல்லித்தான் முதல் குரல் எழும். அது அவளுக்கும் தெரியும். போனில் தண்ணீர் படகில் மோதுகிற சத்தம் கேட்டது. யாரோ வலியில் முனகுவதும் கேட்டது.

“மூட மாட்டோம்ணே,” என்றாள். “நான் பாத்துக்கறேன்.”

“சரி, வாங்க,” என்றார்.

ஜீப்பில் முக்கால் மணி நேரம். வழியெல்லாம் ஓட்டுநரை “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்” என்று பிடுங்கி எடுத்தாள். மருந்துக் கடையில் இருந்த கணவனுக்கு போன் போட்டு, “வேளா” என்ற ஒரு சொல்லை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். மடியில் இருந்த கருவிப் பையைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தாள். இந்நேரம் வெட்டியிருப்பார்களா? வெட்டியிருந்தால் எந்த முகத்தோடு திட்டுவது? பொய் சொன்னவள் அவள்தானே.

வெட்டவில்லை. இடுப்பளவு தண்ணீரில் சிடுமூஞ்சி நின்றிருந்தார். தளர்வான ஒரு கயிற்றை மீனின் வாலில் சுற்றி, மறு நுனியைத் தன் தோளில் போட்டிருந்தார். தம்பி படகில் உட்கார்ந்து, சட்டையைக் கிழித்துக் கட்டிய முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். கலங்கிய தண்ணீருக்கடியில் பழுப்பு நிறத்தில் ஒரு பெரிய முதுகு மெல்ல ஏறி இறங்கியது.

அவள் செருப்போடு இறங்கினாள். ஏழு வருடமாக இந்த நேரத்துக்கென்று மனதில் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. கை மட்டும் தன் வேலையைச் செய்தது. நீண்ட பிடி வைத்த கத்தரியால் வலையை இழை இழையாக நறுக்கினாள். மூக்குக்கு நேரே நிற்கக்கூடாது, பக்கவாட்டில் வீசும் என்பது படித்துத் தெரிந்தது. வீசும்போது காற்றுப் போலச் சத்தம் வரும் என்பதை எந்தப் புத்தகமும் சொல்லவில்லை. துடுப்பின் ஓரத்தில் நகத்தளவு சதை எடுத்துக் குப்பியில் போட்டாள். அது போகுமிடம் தெரிய, ஒலி எழுப்பும் சிறு கருவி ஒன்றை முதுகுத் துடுப்பில் பொருத்தினாள்.

“மேடம்,” என்றார் சிடுமூஞ்சி. குரல் மாறியிருந்தது. “பின்னால பாருங்க.”

வயிற்றுப் பக்கமிருந்து ஏதோ வழுக்கிக்கொண்டு வந்தது. வால்தான் முதலில். பிறகு உடம்பு. ஒரு முழத்துக்கும் மேல், அம்மாவின் அச்சு அசலாக ஒரு குட்டி. அதன் ரம்பத்தின் மேல் கண்ணாடி போன்ற வழுவழுப்பான உறை ஒன்று மூடியிருந்தது. தண்ணீரில் தடுமாறி, அவள் உள்ளங்கையில் வந்து ஒரு நொடி படுத்தது. பிறகு சுதாரித்துக்கொண்டு போனது.

“அம்மா வயித்தைக் கிழிச்சிரக் கூடாதுன்னு மூக்குக்கு உறை மாட்டி அனுப்பியிருக்கே,” என்றார் அவர், யாரிடமும் இல்லாமல்.

“நாலஞ்சு நாள்ல அதுவா கரைஞ்சிடும்ணே.”

“பயத்துல குட்டி போடுதா, நாள் ஆகித்தான் போடுதா?”

“தெரியலண்ணே. ரெண்டுமா இருக்கலாம்.”

இரண்டாவது வந்தது. மூன்றாவதும் வந்தது. தம்பி வலியை மறந்து நல்ல கையால் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான். கடைசி இழை அறுந்ததும் தாய் ஒரே ஒரு வீச்சு வீசித் திரும்பியது. மூவரும் தலையோடு கால் நனைந்தார்கள். துடைத்துக்கொண்டு பார்த்தபோது கலங்கல் மட்டும் இருந்தது.

சிடுமூஞ்சி கிழிந்த வலையைச் சுருட்டிப் படகில் போட்டார். போகும்போது, “சொன்ன சொல்லு ஞாபகம் இருக்கட்டும்,” என்றார்.

அன்று மாலை அலுவலகமே அவளைச் சுற்றி நின்றது. ‘ரம்பம்’ என்று கேலி செய்தவர்கள் கைகுலுக்கினார்கள். இயக்குநர் கேட்ட முதல் கேள்வி, “எந்த இடம்?” என்பதுதான். “அளவுகளைச் சரிபார்த்துட்டுச் சொல்றேன் சார்,” என்று நழுவினாள். மறுநாளும் நழுவினாள். கழிமுகத்தில் வேறு ஆய்வுக்காகப் போட்டிருந்த கேட்புக் கருவிகளில், தாயின் முதுகில் பொருத்திய கருவியின் சத்தம் தினமும் பதிவாகிக்கொண்டிருந்தது. அது அங்கேயேதான் சுற்றிக்கொண்டிருந்தது. வலைகளும் அங்கேயேதான் இருந்தன. மூன்று குட்டிகளும் அந்த வலைகளுக்கு நடுவில் எங்கோ. அதை நினைத்தால் வாய்க்குப் போகிற கவளம் பாதியில் நின்றது. உட்கார்ந்தால் எழுந்தாள், எழுந்தால் எங்கே போவதென்று தெரியாமல் நின்றாள்.

“வீட்டை அளந்து முடிச்சிட்டியா?” என்றான் கணவன். நான்கு நாளாகக் கூடத்துக்கும் சமையலறைக்கும் அவள் நடந்த நடையைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டான்.

அவள் எல்லாவற்றையும் கொட்டினாள். எழுதினால் அந்த மனிதனுக்குத் துரோகம். எழுதாவிட்டால் மீனுக்கு.

அவன் அவளைப் பிடித்து உட்கார வைத்தான். “எழுதாம இருக்கப் போறதில்லன்னு உனக்கே தெரியும். அந்த ஆள் அதை நோட்டீஸ் பலகையில பாத்துத் தெரிஞ்சுக்கணுமா, உன் வாயால கேட்டுத் தெரிஞ்சுக்கணுமா? அவ்வளவுதான் உன் கையில இருக்கு.”

மறுநாள் காலை அவர் வீட்டுக் கதவைத் தட்டினாள். அவருடைய மனைவிதான் திறந்தார். உள்ளே ஒற்றை அறையில் சிடுமூஞ்சி தரையில் உட்கார்ந்து கிழிந்த வலைக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

“அண்ணே, அன்னிக்கு நான் சொன்னது பொய். மூட மாட்டோம்னு சொல்ல எனக்கு அதிகாரமே கிடையாது. நான் எழுதித்தான் ஆகணும். எழுதுறதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லணும்னு வந்தேன்.”

வலை ஊசி நிற்காமல் ஓடியது. “பொய்னு தெரியும்.”

“தெரியுமா?”

“பதில் சொல்ல அவ்வளவு நேரம் எடுத்தீங்களே.”

“அப்புறம் ஏண்ணே வெட்டாம நின்னீங்க?”

“போனை வெச்சுட்டுக் கத்தியோட குனிஞ்சேன். வயிறு அசைஞ்சுது.” இப்போதுதான் நிமிர்ந்தார். “தெரியும்னு சொன்னா மன்னிச்சுட்டேன்னு அர்த்தம் பண்ணிக்காதீங்க. நாங்க எங்க போறது? ஆழத்துக்குப் போற படகா இது? நாலு அலை அடிச்சா கவுந்துரும்.”

அவள் நின்றுகொண்டே இருந்தாள். அவருடைய மனைவி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

“உக்காரும்மா. எத்தனை மாசம்?”

“புரியலக்கா.”

“குட்டி எத்தனை மாசம் இந்தத் தண்ணியில இருக்கும்?”

“பெருசாகி வெளிய போக ரெண்டு மூணு வருஷம்கூட ஆகும். ஆனா ரொம்ப ஆபத்து முதல் மூணு மாசம். கரையை ஒட்டியே கிடக்கும்.”

“அப்ப அந்த மூணு மாசம், கரையை ஒட்டி மட்டும் வலை வேணாம்னு எழுது. தூண்டில் போடலாம்னு எழுது. தூண்டில்ல அந்த மூக்கு சிக்காதில்ல?”

“சிக்கறது ரொம்பக் குறைவுக்கா. சிக்கினாலும் கயிறை அறுத்து விட்டுடலாம்.”

“நீ எதுக்கு இதுல மூக்கை நுழைக்கறே?” என்றார் சிடுமூஞ்சி மனைவியிடம்.

“நுழைக்கறதுக்கு எனக்கு மூக்காவது இருக்கு. உங்களுக்குக் கோபம் மட்டும்தானே இருக்கு,” என்றார் மனைவி.

அவர் சிரிக்கவில்லை. ஆனால் ஊசியைக் கீழே வைத்தார். அரை மணி நேரம் கழித்து அவளுடைய குறிப்பேட்டை வாங்கி, கழிமுகத்தை அவரே கோடு போட்டுக் காட்டினார். இங்கே ஆழம், இங்கே சேறு, வலை இல்லாவிட்டாலும் இந்த இடத்தில் தூண்டிலில் மீன் கிடைக்கும். அவள் ஏழு வருடம் போட்ட வரைபடத்தைவிட அது சுத்தமாக இருந்தது. அவளுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

அதையும் சேர்த்து அவள் எழுதிக் கொடுத்தாள். குழு கூடியது. வருடம் முழுக்க மூட வேண்டும் என்றார் ஒருவர். சிடுமூஞ்சியும் வந்திருந்தார், இஸ்திரி போட்ட சட்டையில், கழுத்துப் பொத்தான் திணற. “முழுசா மூடினீங்கன்னா அடுத்த தடவை சிக்கினா எவனும் போன் பண்ண மாட்டான். வெட்டிட்டு வாயை மூடிக்குவான். நானும்தான்,” என்றார். மூன்று மணி நேர இழுபறிக்குப் பிறகு நான்கு மாதம், கரையோரம் மட்டும் என்று முடிந்தது. அவர் கேட்டதைவிட ஒரு மாதம் கூடுதல். வெளியே வந்தபோது அவளோடு பேசாமல் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார். துறைமுகத்தில் நாலு பேர் அவரைக் காட்டிக்கொடுத்தவன் என்று பேசினார்கள். அவருக்கு வைத்த பழைய பெயரே தேவலை என்று ஆகிவிட்டது.

தாயின் சத்தம் நாற்பத்தோராம் நாளோடு நின்றுபோனது. ஆழத்துக்குப் போயிருக்கலாம். கருவி கழன்று விழுந்திருக்கலாம். வேறு எங்கோ வேறு யாருடைய வலையிலோ... அந்த எண்ணத்தை அவள் முடிக்க விடுவதில்லை. அது தானாகவே வந்து முடித்துக்கொள்ளும்.

வலைத் தடை தொடங்கிய முதல் காலை அவள் கழிமுகத்துக்குப் போனாள். வேலை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அலுவலகத்தில் உட்கார முடியாமல் வந்திருந்தாள். சிடுமூஞ்சி கரையில் நின்றிருந்தார். கையில் தூண்டில் சுருள் இருந்தது. ஆனால் படகில் ஏறாமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பினார். போய்விடலாமா என்று நினைத்தாள். பத்தடி தள்ளி நின்றாள்.

தூண்டில் சுருளைப் படகில் வைத்துவிட்டு, “அது மொத்தம் எத்தனை குட்டி போடும்?” என்றார், தண்ணீரிடம் கேட்பதுபோல.

“ஏழெட்டு போடும். பத்துகூட இருக்கும்ணே.”

“நாம பாத்தது மூணு. மிச்சம்?”

“தெரியலண்ணே.”

“பாத்த மூணாவது இருக்கா?”

“அதுவும் தெரியல.”

“தெரியலன்னு சொல்றதுக்கா இவ்வளவு படிச்சீங்க?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது.

அவர் படகைத் தள்ளினார். இயந்திரத்தை இயக்கவில்லை. கரையை ஒட்டித் துடுப்பு போட்டுக்கொண்டு, பக்கவாட்டில் குனிந்து தண்ணீருக்குள் பார்த்தபடியே மெதுவாகப் போனார். அவளும் கரையில் அதே வேகத்தில் நடந்தாள், அவர் பார்க்கிற இடத்தையே பார்த்துக்கொண்டு.