சுக்கூர் பாயின் வெயில் அறிவிப்பு

என் வீட்டுக்காரர் மௌத்தாகி ஒரு வருஷம் ஆகப்போகிற நேரத்தில், சித்திரை வெயிலோடு பாலக்கரைக்குத் திரும்பி வந்தார். உடம்பு கபுர்க்குழியில்தான் இருக்கிறது, வந்தது குரல். ஆட்டோ மேல் கட்டியிருந்த ஸ்பீக்கரில் முதலில் அவருடைய செருமல் கேட்டது. நான் தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட் அப்படியே மெஷினில் நின்றது.

"அன்பார்ந்த பொதுமக்களே! வெப்ப அலை வீசுவதால் பகல் பன்னிரண்டு மணி முதல் மூன்று மணி வரை யாரும் வெளியே வர வேண்டாம். கதவு, ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருங்கள்!"

யா அல்லாஹ்! ஓடிப்போய்ப் பார்க்கவும் ஆசை, காதைப் பொத்திக்கொள்ளவும் ஆசை. இரண்டும் செய்யாமல் அழுதுகொண்டு நின்றேன்.

என் வீட்டுக்காரர் அப்துல் சுக்கூருக்கு மைக் பிடிப்பதுதான் தொழில். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, மௌத் அறிவிப்பு, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். போன கோடையில் வெப்பத் தடுப்புத் திட்டம் என்று ஒன்று வந்தது. அவர் குரலைப் பதிவு செய்து, அவரையே ஆட்டோவும் ஓட்ட வைத்தார்கள். உச்சி வெயிலில்தான் தெருத் தெருவாகச் சுற்ற வேண்டும் என்று உத்தரவு. வெளியே வராதே என்று சொல்வதற்கு ஒரு மனுஷனை வெளியே அனுப்பினார்கள். எந்தப் புண்ணியவான் எந்த ஏசி ரூமில் உட்கார்ந்து யோசித்தானோ, நாசமாய்ப் போக!

ஒருநாள் எங்கள் தெருமுனையிலேயே ஆட்டோ நின்றுவிட்டது. இவர் ஹேண்டில் மேல் சாய்ந்து கிடக்க, குரல் மட்டும் திரும்பத் திரும்ப ஓடியிருக்கிறது. தெருவே கேட்டது. கதவைச் சாத்தச் சொன்னார், சாத்திக்கொண்டார்கள். நான் அன்றைக்கு ஸ்ரீரங்கத்தில் ஒரு தையல் கடையில் வேலையாக இருந்தேன். வெயில் தணிந்து யாரோ எட்டிப் பார்த்தபோது உயிர் போய்விட்டிருந்தது, உடம்பு மட்டும் கொதித்ததாம். மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள்.

இந்த வருஷம் குரலைக் கேட்ட மறுநாளே அந்தத் திட்ட ஆபீசுக்குப் போனேன். அதிகாரி பெயர் தர்மராஜ். உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். நல்ல மனுஷன்தான், அது வேறு எனக்கு எரிச்சல்.

"இத நிறுத்துங்க சார். இல்லன்னா வேற யாரையாவது பேசச் சொல்லுங்க."

"கமிட்டி ஒப்புதல் கொடுத்த பதிவும்மா. மாத்தணும்னா மறுபடியும் மேல போகணும். அதுவும் இல்லாம, உங்க ஏரியாவுலதான் ஜனங்க சொன்னபடி கேக்குறாங்க."

கேட்காமல் என்ன செய்வார்கள்? செத்தவர் வந்து சொல்கிறார்! 'சுக்கூர் பாய் வராரு, உள்ள வா' என்று பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போய்த் தாழ்ப்பாள் போடுகிறார்கள். தெரு வெறிச்சோடிவிடுகிறது. அது பயம் சார் என்று சொன்னால் அவருக்குப் புரியவில்லை.

"சரி, காலையில பத்து மணிக்குள்ள சுத்தச் சொல்லுங்க. இப்ப ஓட்டுற பிள்ளையும் மனுஷன்தானே?"

"பீக் அவர்ஸ்லதான் அறிவிப்புன்னு திட்டத்துலயே இருக்கும்மா."

அந்தப் பிள்ளை பிரவீன்ராஜ், ஜீயபுரத்துக்காரன். புதுசாகக் கல்யாணம் ஆனவன். தினமும் என் வாசலில் ஆட்டோவை மறித்து நன்னாரி சர்பத் கொடுப்பேன். மேலே இவர் பேசிக்கொண்டிருப்பார், கீழே அவன் குடிப்பான்.

"நிழல்ல கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போயேன்டா."

"வண்டி நின்னா ஆபீசுலேர்ந்து உடனே போன் வந்துடும் பாயம்மா."

போய்விடுவான். குரல் தேய்ந்து மறைகிற வரைக்கும் வாசலிலேயே நிற்பேன். இவனையும் கொண்டுபோய்விடுவாரோ என்று என் புருஷனையே சந்தேகப்பட்டேன், பாருங்கள்.

கத்திரி வெயில் தொடங்கி ஒரு மதியம், குரல் தெருமுனை வரைக்கும் வந்தது. அதற்கு மேல் நெருங்கவும் இல்லை, விலகவும் இல்லை. செருமினார், பேசினார், மறுபடி செருமினார், மறுபடி பேசினார்.

செருப்பில்லாமல் ஓடினேன். பிரவீன்ராஜ் சீட்டில் சரிந்து கிடந்தான். உடம்பு அனலாய்க் கொதித்தது, வேர்வை ஒரு சொட்டு இல்லை. ஒற்றை ஆளாக என்னால் அவனைத் தூக்க முடியவில்லை. பக்கத்துக் கதவுகளைத் தட்டினேன், அலறினேன். அவர் குரலுக்கு மேல் என் குரல் எங்கே எடுபடும்? "யாரும் வெளியே வர வேண்டாம்" என்று தலைக்கு மேல் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு ஜன்னல்கூடத் திறக்கவில்லை.

"போதும்ங்க! வாய மூடுங்க!" என்று அவரைப் பார்த்துக் கத்தினேன். உயிரோடு இருந்தவரை ஒருநாளும் அப்படிப் பேசியதில்லை. ஸ்பீக்கர் பெட்டியில் அவர் குரல் ஓடிக்கொண்டிருந்த பென் டிரைவைப் பிடுங்கிவிட்டு, பக்கத்தில் தொங்கிய மைக்கை எடுத்தேன்.

"வெளிய வாங்க! ஆரிஃபா பேசுறேன். சுக்கூர் பாய் இல்ல, அவரு மௌத்தாயிட்டாரு! இங்க ஒரு பிள்ள சாகக் கெடக்கான். தண்ணி எடுத்துக்கிட்டு வெளிய வாங்க!"

ஒரு கதவு திறந்தது. அப்புறம் நாலைந்து. குடம் குடமாய்த் தண்ணீர் வந்தது, நனைத்த புடவைகள் வந்தன, மீன் கடைக்கார அப்ரார் ஐஸைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். பிரவீன்ராஜை நிழலில் போட்டு எல்லோரும் நனைத்து விசிறினோம். ரொம்ப நேரம் கழித்து முனகினான். புத்தூர் ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏற்றும்போது கண்ணைத் திறந்து "பாயம்மா" என்றான்.

அவன் போன் சீட்டில் கிடந்து அடித்துக்கொண்டிருந்தது. எடுத்தேன்.

"வண்டி ஏன் நிக்குது? அறிவிப்பு ஓடுதா, இல்லையா?"

"இல்ல சார். இனிமே ஓடாது."

போனை வைத்துவிட்டு நடுரோட்டிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். பிரவீன்ராஜை நினைத்து அழுகிறேன் என்று எண்ணி, அவன் பிழைத்துக்கொண்டான், பிழைத்துக்கொண்டான் என்று எல்லோரும் என்னைத் தேற்றினார்கள்.