குறை சொன்னவர் வீட்டு இணைப்பு

யாராவது ஒரு பொருளைப் புகழ்ந்தால் போதும், அதில் அவர்களுக்கு என்ன வரும்படி என்றுதான் கெருபோ முதலில் பார்ப்பாள். தக்காளிக்காரி "இன்னிக்குக் காலையில பறிச்சது" என்றால், கூடைக்கு அடியில் கையை விட்டுத் துழாவுவாள். நைரோபியில் இத்தனை வருஷம் வாடகை வீட்டில் இருந்துவிட்டு வேறு எப்படி இருப்பது என்று அவளே கேட்பாள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த வாரம் அவள் யாரையாவது நம்பியே ஆகவேண்டியிருந்தது.

வெளிநாட்டு ஓட்டல்களில் அறை எடுத்தவர்களின் புலம்பலைத் தொலைபேசியில் கேட்டு, சமாதானம் சொல்லி அனுப்புவது அவள் வேலை. ஆபீஸ் வாடகை கட்டி மாளவில்லை என்று கம்பெனி எல்லோரையும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டது. அதற்கு ஒரு நிபந்தனை. வெள்ளிக்கிழமை மாலை ஏழிலிருந்து எட்டுக்குள் ஒவ்வொருவர் வீட்டு இன்டர்நெட் இணைப்பிலும் பேசிப் பார்த்துச் சோதிப்பார்கள். நடுவில் அறுந்தால் இன்னொரு தடவை முயலலாம், அதையும் ஏழே முக்காலுக்குள் தொடங்கிவிட வேண்டும். தேறாதவர்களின் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். மகன் டிராவிஸின் அப்பா மொம்பாசா போனவர் போனவர்தான். வீட்டில் வந்துகொண்டிருந்தது அவளுடைய ஒரு சம்பளம் மட்டுமே.

அந்தக் கட்டடத்துக்குள் ஒரே ஒரு இன்டர்நெட் கம்பெனியின் வயர்தான் வந்திருந்தது. வேறு கம்பெனிக்காரன் ஏணியோடு வந்தால் கியோகோ கேட்டையே திறக்கமாட்டார். அவருக்குக் காவல்காரர் என்று பேர்தான். வாடகை வசூல், தண்ணீர் மோட்டார், குப்பை, மாடிச் சண்டை எல்லாம் அவர் கையில்தான். வயருக்கு மாதம் இரண்டாயிரம் ஷில்லிங், வேகம் இருபது எம்பி. வயர் வேண்டாம் என்றால் சிம் போட்ட பெட்டி ஒன்று கடையில் கிடைத்தது. மாதம் மூவாயிரம், பெட்டிக்குத் தனி விலை, வேகம் ஐம்பது வரை. பணத்தைப் பார்த்தால் வயர், வேகத்தைப் பார்த்தால் பெட்டி.

கியோகோவைக் கேட்டாள்.

"வயரையே எடுத்துக்கோங்கம்மா. நாளைக்கே ஆளை வரச் சொல்றேன்."

"உங்களுக்கு எவ்வளவு தர்றாங்க?"

கியோகோவுக்குக் கோபம் வரவில்லை. "டீச் செலவுக்குக் குடுப்பாங்க. எனக்கு டீ வாங்கிக் குடுத்தா வயர் கெட்டுப்போயிடுமா?"

அவர் கேட்டதில் இருந்த நியாயம் அவள் காதில் ஏறவில்லை. டீச் செலவு என்ற சொல்லோடு காது அடைத்துக்கொண்டது. அடுத்தது கீழ்த்தளத்தில் முடி பின்னும் கடை வைத்திருந்த முக்காமி. அவள் அந்த வயரை வாயாரப் புகழ்ந்தாள். படம் பார்த்தால் ஒரு இடத்திலும் நிற்காதாம், மழையிலும் போகாதாம். கெருபோ கொஞ்சம் இளகி வந்த நேரத்தில், சேரும்போது என் நம்பரைச் சொல்லிடு, எனக்கு ஒரு மாசம் இலவசமாக் கிடைக்கும் என்று முடித்தாள். கட்டடத்தின் வாட்ஸப் குழுவிலும் கெருபோ கேட்டுப் பார்த்தாள். ஆளாளுக்குப் புகழ்மாலை, ஒவ்வொரு மாலைக்கும் கீழே ஒரு நம்பர். கெருபோ போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

எதிர்வீட்டு சிமியுவைப் பார்த்தது மாடிப்படியில்தான். பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு, கடல் தாண்டி இருக்கும் பிள்ளைகளுக்குச் சாயங்காலத்தில் கணினி வழியாகக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர். கட்டடம் முழுக்க அவரை வாத்தியார் என்றுதான் கூப்பிடும். அதிர்ந்து பேசாத மனுஷர். கெருபோ கேட்டதும் அவர் மேலேயும் கீழேயும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"நான் சொன்னேன்னு வெளிய சொல்லிடாதீங்க டிராவிஸ் அம்மா. அந்த வயர் மட்டும் வேண்டாம். சாயங்காலம் ஆச்சுன்னா செத்துப்போயிடும்."

"அப்புறம் நீங்க மட்டும் ஏன் வச்சிருக்கீங்க வாத்தியாரே?"

"ஒரு வருஷப் பணத்தை முன்னாடியே கட்டித் தொலைச்சுட்டேனே."

அவ்வளவுதான், கெருபோவின் மனசு குளிர்ந்துவிட்டது. இந்த மனுஷர் நம்பர் தரவில்லை, டீக்குக் கேட்கவில்லை, யாருக்கும் தெரியக் கூடாது என்கிறார். உண்மை பேசும் ஆள் ஒருவராவது கிடைத்தாரே. புகழ்கிறவர்களுக்கு என்ன லாபம் என்று ஆயுசு முழுக்கக் கணக்குப் பார்த்தவள், குறை சொல்கிறவருக்கு என்ன லாபம் என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. சாமர்த்தியசாலிகளை ஏமாற்றுவது இவ்வளவு சுலபம் என்று மற்றவர்களுக்குத் தெரியாமல் இருப்பதே நல்லது.

கையிருப்பைத் துடைத்துப் பெட்டியை வாங்கினாள். வியாழக்கிழமை மத்தியானம் போட்டுப் பார்த்தபோது வேகம் நாற்பதைத் தாண்டிக் குதித்தது. தெருவே வேலைக்குப் போயிருந்த நேரம் அது. கியோகோ பெட்டியைப் பார்த்துவிட்டு, சரிம்மா என்றதோடு நிறுத்திக்கொண்டார். டீ போன வருத்தம் என்று நினைத்து அவள் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மாலை தெரு வீடு திரும்பியது. ஒவ்வொரு ஜன்னலுக்குப் பின்னாலும் ஒரு போன், ஒரு டிவி. பெட்டிக்கு வந்துகொண்டிருந்த காற்றலையை ஊரே பங்கு போட்டுக்கொண்டது. சோதனை செய்யும் பெண்ணின் குரல் முதலில் நன்றாக வந்தது, பிறகு துண்டு துண்டாக வந்தது, பிறகு வரவேயில்லை. கெருபோ பெட்டியை ஜன்னலில் வைத்தாள், அலமாரிமேல் வைத்தாள், கையில் பிடித்து வெளியே நீட்டினாள். வேகம் மூன்றுக்கு மேல் ஏறவில்லை. ஏழரை தாண்டியிருந்தது.

யார் வீட்டிலாவது உட்கார்ந்து பேசிவிடலாம் என்று மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். எதிர்வீட்டுக்குள்ளிருந்து வாத்தியாரின் குரல் கேட்டது. பின்னக் கணக்கு நடந்துகொண்டிருந்தது. எங்கோ கடலுக்கு அப்பால் இருந்து ஒரு பிள்ளை பதில் சொன்னது, பக்கத்து அறையில் இருந்து சொல்வதுபோல் தெளிவாக. கெருபோவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கதவைத் தட்டவில்லை, இடித்தாள்.

"சாயங்காலம் செத்துப்போயிடும்னீங்களே?"

சிமியு அவள் கையிலிருந்த மடிக்கணினியைப் பார்த்தார். பொய் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

"எல்லா வீடும் ஒரே வயர்லதான் தொங்குது. நீங்களும் சேர்ந்தா என்னோடது இழுக்க ஆரம்பிச்சுடும்னு பயந்தேன். என் சோறும் இதுலதான் இருக்கு." தலையைக் குனிந்துகொண்டார். "உள்ள வாங்க. பாடத்தை நிறுத்திடறேன். இங்கயே உக்காந்து பேசுங்க."

கெருபோ நகரவில்லை. கூப்பிட்டவுடன் உள்ளே போகிற ஆளா அவள்?

"இதுல உங்களுக்கு என்ன?"

"ஒண்ணுமில்லம்மா. வாங்க."

"அன்னிக்கும் ஒண்ணும் இல்லாத மாதிரிதானே சொன்னீங்க?"

வயருக்கான மாதப் பணத்தில் பாதி கேட்பாரா என்று கேட்டாள், மாட்டேன் என்றார். தன் கம்பெனி வேலையை எட்டிப் பார்த்து அதற்கு அவரே மனுப் போடுவாரா என்று கேட்டாள், தலையில் அடித்துக்கொண்டார். தான் கியோகோவிடம் போய்ச் சொல்லிவிடுவோம் என்று பயந்து வாயை அடைக்கப் பார்க்கிறாரா என்றும் கேட்டாள்.

"தப்புப் பண்ணிட்டேன் டிராவிஸ் அம்மா. அதுக்காகத்தான் கூப்பிடறேன். அது போதாதா?"

அவளுக்குப் போதவில்லை. அவருடைய கணினியைத் தன் கண்முன்னால் அணைக்கச் சொன்னாள். ஒரு பிள்ளை பாதி விடையில் நிற்க, அவர் அணைத்தார். அதற்குப் பிறகுதான் அவள் வாசற்படியைத் தாண்டினாள்.

நாற்காலியில் உட்கார்ந்து, அவர் சொன்ன கடவுச்சொல்லைப் போட்டாள். இணைப்பு சட்டென்று வந்தது. கம்பெனியின் பக்கம் கண் இமைப்பதற்குள் திறந்தது. மறுமுயற்சி தொடங்குவதற்கான நேரம் முடிந்துவிட்டது என்று அதில் எழுதியிருந்தது. மணி ஏழு ஐம்பது.

அவள் திரும்பத் திரும்ப அழுத்தினாள். ஒவ்வொரு தடவையும் அதே பக்கம், அதே வேகத்தில் வந்தது. சிமியு பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு அழுகை வந்தது. சொன்ன பொய்க்காக அவரைத் திட்டலாம், ஆசை தீரத் திட்டலாம். ஆனால் வாசலில் நின்று கழித்த நேரத்துக்கு அவரைத் திட்ட முடியவில்லை.