ஐந்தாவது துண்டில் அழுத்தம்

அந்த வார்த்தையை அசை பிரித்துப் பிரித்து, கடைசியில் அதையே அசைபோட ஆரம்பித்துவிட்டாள். அ-னஸ்-தீ-சி-ஆ-ல-ஜிஸ்ட். ஏழு துண்டு. ஐந்தாவதில் அழுத்தம். மயக்க மருந்து கொடுக்கிற டாக்டருக்கு இவ்வளவு நீளப் பெயர் வைத்தவன் கையில் கிடைத்தால் என்ன செய்வாளோ!

ஆஸ்பத்திரி பில் கவுண்டரில் நின்று நின்று கால் வீங்கியவள் அவள். அறிவிப்பு அறையில் உட்கார்ந்து பார்க்கும் வேலை ஒன்று காலியாக இருந்தது. இன்று ஒரு அழைப்பைச் சரியாகச் சொல்லிக் காட்டினால் அது அவளுக்கு. போன தடவை இதே வார்த்தையில் நாக்குப் புரண்டு, வார்டு முழுக்கச் சிரித்தது.

காலையில் தையல்காரக் கணவன் மெஷினில் உட்கார்ந்தபடியே பாடம் எடுத்தான்.

"அஞ்சாவது துண்டு வர்றப்ப நான் பெடலை ஓங்கி மிதிக்கிறேன். நீயும் அங்க ஒரு மிதி மிதி."

"உங்களுக்கு விளையாட்டா இருக்கு. எனக்கு உயிர் போகுது."

"வார்த்தைக்கு அழுத்தம் குடுக்கச் சொன்னா ரத்த அழுத்தத்தை ஏத்திக்கிறியே!"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அறிவிப்பு அறையில் சூப்பர்வைசர் அம்மா போனை எடுத்துக் கேட்டுவிட்டு வைத்தார். "இது சோதனை இல்லம்மா, நெசமாவே அவசரம். மூணாவது மாடி ஆபரேஷன் தியேட்டர். மயக்க டாக்டரைக் கூப்பிடு."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். மைக் பொத்தானை அழுத்தினாள். ஐந்தாவது துண்டில் குரல் அழகாக ஏறி, இறங்கி, வழுக்கிக்கொண்டு போய் நின்றது. ஒரு பிசிறில்லை. பொத்தானை விட்டாள். அப்பாடா! சந்தோஷத்தில் கண்ணே கலங்கிவிட்டது.

"என்னம்மா நிறுத்திட்ட? எங்க வரணும்னு சொல்லு!"

எங்கே? அவள் தலைக்குள் ஏழு துண்டைத் தவிர ஒன்றுமே இல்லை.

சூப்பர்வைசர் அம்மா எட்டித் தானே பொத்தானை அழுத்தினார். "அனஸ்தீசியாலஜிஸ்ட், மூணாவது மாடி தியேட்டர், அவசரம்." ஏற்றமுமில்லை, இறக்கமுமில்லை; மளிகைச் சாமான் ஒப்பிப்பது போலச் சொல்லி முடித்தார். வெளியே மாடிப்படியில் யாரோ தடதடவென்று மேலே ஓடினார்கள்.

யாரும் சொல்லாமலே அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள்.